பிரேக் நன்றாக இருந்தது

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினேன். முடிந்ததும் உங்களில் ஒருத்தி எழுந்து, "பெரிய கார் விபத்துகளுக்கு முக்கியமான காரணங்கள் என்னென்ன மேடம்?" என்று கேட்டாள். நானும் வரிசையாகச் சொன்னேன். வேகம், குடி, கையில் போன், தூக்கம், வளைவில் முந்துவது, பெல்ட் போடாதது. எல்லோரும் எழுதிக்கொண்டீர்கள்.

நான் சொன்னதில் பொய் இல்லை. மோட்டார் வாகன ஆய்வாளராக முப்பது வருடங்கள் இந்தத் தீவில் நொறுங்கிய வண்டிகளுக்குள் தலையை விட்டுப் பார்த்தவள் நான். மரைன் ஹில் இறக்கத்தில் ஒரு புதுக் கார். பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தக் கூடாது என்பதற்காக, பெல்ட் நுனியில் இருக்கும் உலோக நாக்கை மட்டும் தனியாக வாங்கிச் செருகி வைத்திருந்தார் அந்த மனிதர். சாவியைத் திருப்பிவிட்டு நான் அந்த நாக்கை உருவினேன். வண்டி கத்தத் தொடங்கியது. கேட்க வேண்டியவர் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறந்துபோயிருந்தார். இன்னொருவர் வடக்குக் கோடியில் இருக்கும் திக்லிப்பூரிலிருந்து நிறுத்தாமல் ஓட்டி வந்து, வீட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கண் அயர்ந்தார். சாலையில் பிரேக் போட்ட தடமே இல்லை.

ஆனால் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அது அந்தப் பட்டியலில் வராது. அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வண்டூர் சாலையில், ஒரு நீண்ட இறக்கத்தின் அடியில் பயணிகள் நிழற்குடை ஒன்று இருந்தது. காலை ஒன்பதரை மணி. அங்கன்வாடிக்குப் போவதற்காக சுனிதா என்ற பெண் அங்கே பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். இறக்கத்தில் வந்த டாக்ஸி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நேராக நிழற்குடைத் தூணில் மோதியது. இடையில் நின்றது சுனிதா. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. டாக்ஸியின் பின் சீட்டில் படகுச் சவாரிக்குப் போய்க்கொண்டிருந்த மெயின்லேண்ட் தம்பதி இருந்தார்கள். அவர்களுக்குச் சிராய்ப்புதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது சாலை முழுக்க ஆட்கள். இரு பக்கமும் பஸ்கள் நின்றுவிட்டன. சுனிதாவின் மேல் யாரோ ஒரு நீலத் தார்ப்பாயைப் போர்த்தியிருந்தார்கள். காரணம் தெரியாமல் உடலை எடுக்க விடமாட்டோம் என்று கூட்டம் ஆம்புலன்ஸை மறித்து நின்றது. அவள் புருஷன் ராம்லால் தகவல் கேட்டு ஸ்கூட்டரில் வந்திருந்தார். பக்கத்து ஊரில் பாக்குத் தோட்டம் வைத்திருப்பவர். வெள்ளைக்காரர்கள் கைதிகளைக் கொண்டுவந்த காலத்திலேயே இங்கே வந்து வேரூன்றிய குடும்பம். அவர் அழவில்லை. தார்ப்பாயின் ஓரத்தைச் சரி செய்துகொண்டே இருந்தார். காற்று அதைத் தூக்கத் தூக்க, மறுபடி மறுபடி இழுத்துவிட்டார்.

டிரைவரைப் போலீஸ் ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. டெனிஸ். பத்துபஸ்தி ஊர்க்காரன். எங்கள் இருவர் குடும்பமும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்தவை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்காருபவன். குடிக்க மாட்டான். வேகமாக ஓட்ட மாட்டான். அவன் வண்டியைத் தகுதிச் சான்றுக்கு நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

என்னைப் பார்த்ததும் கத்தினான்.

"ஸ்டெல்லாக்கா! பிரேக் பிடிக்கலக்கா! மிதிச்சேன், இறங்கவே இல்ல. கட்டய மிதிச்ச மாதிரி இருந்துச்சுக்கா!"

கூட்டத்தில் ஒருவன் திரும்பினான். "அக்கா போல் ரஹா ஹை! அப்னா ஆத்மி ஹை!" என்றான். அவளுடைய ஆள், அக்கா என்று கூப்பிடுகிறான். அது நாலு பக்கமும் பரவியது. மதராசி மதராசியைக் காப்பாற்றப் போகிறாள் என்று இன்னொரு குரல் வந்தது.

எனக்கு முகம் சூடானது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. டெனிஸைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இங்க நான் அக்கா இல்ல. மேடம்னு கூப்பிடு."

அவன் வாயை மூடிக்கொண்டான்.

பொறுப்பிலிருந்த எஸ்.ஐ. என்னிடம் வந்து, "மேடம், இவங்களுக்கு இப்பவே ஒரு பதில் வேணும். பிரேக் சரியா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. பாடிய எடுத்துடலாம்" என்றார். அவருடன் இருந்த தெலுங்குக்கார ஹெட் கான்ஸ்டபிள் மெதுவாக, "இங்க வேண்டாம் மேடம். வண்டிய ஸ்டேஷனுக்குக் கொண்டு போயி நிதானமாப் பாருங்க" என்றார்.

சரியான பேச்சு அதுதான். நான் கேட்கவில்லை. அந்த ஆட்கள் முன்னால் நான் யாருடைய அக்காவும் இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது எனக்கு.

வண்டியின் இடது பக்கம் நசுங்கியிருந்தது. வலது கதவு திறந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். காலுக்கடியில் ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில் உருண்டு வந்து இடித்தது. இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதை எடுத்துப் பக்கத்து சீட்டில் போட்டேன். பிரேக்கை மிதித்தேன். நன்றாகப் பிடித்தது. இன்ஜினைப் போட்டு மறுபடி மிதித்தேன். சீராக இறங்கி, இறுகி நின்றது. இரண்டு கான்ஸ்டபிள்களைப் பின்னாலிருந்து தள்ளச் சொல்லி மிதித்தேன். வண்டி நின்றது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

இறங்கினேன். எஸ்.ஐ.யிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். கூட்டத்தைப் பார்த்து, உரக்க, இந்தியில் சொன்னேன்.

"பிரேக் டீக் ஹை." பிரேக் சரியாக இருக்கிறது.

அடுத்து நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கூட்டம் ஒரே ஆளாக நகர்ந்தது. என் முதுகு கார் கதவில் மோதியது. ஜீப்புப் பக்கம் ஒரு வெள்ளை ஹெல்மெட் மேலே எழும்பியது, இறங்கியது, மறுபடி எழும்பியது. போலீஸ்காரர்கள் லத்தியோடு பாய்ந்து ஆட்களைப் பிரித்தபோது டெனிஸ் தரையில் உட்கார்ந்திருந்தான். இடது கண்ணைக் கையால் பொத்தியிருந்தான். விரல் இடுக்கில் வழிந்ததைப் பார்த்துவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் அலறவில்லை. "பிடிக்கல, பிடிக்கல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

சுனிதாவைக் கொண்டுபோக வந்த ஆம்புலன்ஸில் இரண்டு பேரையும் ஏற்றினார்கள்.

மூன்று மணிக்கு ஸ்டேஷன் வளாகத்தில் முறைப்படி வண்டியைப் பார்க்கப் போனேன். ஹெட் கான்ஸ்டபிள் வண்டிக்குள் இருந்த பொருள்களுக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். குடை, சுற்றுலா வரைபடம், கண்ணாடி, ஒரு ஜெபமாலை. எல்லாம் தரையில், டேஷ்போர்டுக்கு அடியில் குவிந்து கிடந்தன. மோதும்போது சீட்டில் இருக்கும் எதுவும் சீட்டில் நிற்காது, முன்னால் போய் விழுந்துவிடும். அவர் பேனாவை நிறுத்தினார்.

"மேடம், எல்லாம் கீழ கிடக்கு. இந்த பாட்டில் மட்டும் சீட்டு மேல எப்படி நின்னுச்சு?"

"நான்தான் எடுத்து வெச்சேன்" என்றேன். "கால்ல இடிச்சுது, பிரேக் பார்க்கறதுக்கு..."

பாதியில் நிறுத்திவிட்டுப் பாட்டிலை எடுத்தேன்.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் விரல் அகலத்துக்குப் பள்ளமாக ஒரு நெளிவு. அதைக் கொண்டுபோய் பிரேக் பெடலுக்குப் பின்னால் வைத்தேன். பெடலின் தண்டு அந்தப் பள்ளத்தில் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. காலால் மிதித்தேன். இறங்கவில்லை. முழு பலத்தையும் கொடுத்து மிதித்தேன். கட்டையை மிதித்த மாதிரி இருந்தது.

அவன் அதைத்தான் சொன்னான். அதே வார்த்தையில் சொன்னான். பிரேக் ஆயில் போய்விட்ட வண்டியில் பெடல் தொபக்கென்று தரைக்குப் போகும். பொய் சொல்கிற டிரைவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வான், ஏனென்றால் எல்லோரும் கேள்விப்பட்டது அதுதான். பெடல் இறங்கவில்லை என்று ஒருவன் சொன்னால், எதுவோ தடுத்தது என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் தடுத்ததைக் கையால் எடுத்துப் போட்டுவிட்டு, பிரேக்கைச் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று அறிவித்தேன்.

ஜீப்பை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த இறக்கத்துக்குப் போனோம். சாலையில் கறுப்புத் தடம் இருந்தது, ஆனால் பின் சக்கரங்களுடையது மட்டும். கால் பிரேக் பிடித்திருந்தால் முன் சக்கரங்களும் தடம் விட்டிருக்கும். அவன் கால் பிரேக் வேலை செய்யாமல் ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறான். காலையிலும் அந்தத் தடம் அங்கேதான் இருந்தது. நான் அதன் மேல் நடந்து போயிருக்கிறேன்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்று சொல்லியிருந்தார்கள். தலையில் பாதியைக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். அவன் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். அதை எடுத்துப் போட்டது நான் என்பதையும் சொன்னேன்.

"யாரோட பாட்டில் டெனிஸ்?" என்று கேட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த பயணிகளுடையது என்று அவன் சொல்லியிருந்தால் யாரும் மறுக்கப் போவதில்லை. நான் மருத்துவமனைக்குப் போன அன்று காலையே அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள்.

"என்னுதுதான் மேடம்" என்றான். "எப்பவும் கதவுல வெப்பேன். அன்னைக்கு அவங்க சாமான ஏத்துற அவசரத்துல சீட்டுக்கடியில போட்டுட்டேன். இறக்கத்துல உருண்டு வந்திருக்கும். எழுதிக்கிடுங்க."

மேடம் என்றான். அன்றிலிருந்து அவன் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

அறிக்கை எழுதும் முன் என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் இல்லை. என் மேல் அக்கறையில்தான் சொன்னார்.

"நீங்க அங்க வாயால சொன்னதுதானே, எழுத்துல எதுவும் இல்லயே. பாட்டிலை வண்டிக்குள்ள பார்த்தேன்னு எழுதுங்க, போதும். எடுத்துப் போட்டது, கூட்டத்துல சொன்னது, இதெல்லாம் எதுக்கு? உங்க சர்வீஸ்ல ஒரு கறுப்புப் புள்ளி இல்ல."

ஆசையாகத்தான் இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க அந்த வாக்கியத்தை மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். "வாகனத்தின் உள்ளே ஒரு ஸ்டீல் பாட்டில் காணப்பட்டது." எவ்வளவு சுத்தமான வாக்கியம்! அதில் நான் எங்கேயுமே இல்லை.

காலையில் நடந்தபடி எழுதினேன். பாட்டிலை அகற்றியது ஆய்வு செய்த அதிகாரியாகிய நானே என்று எழுதினேன். முழு ஆய்வுக்கு முன்பே பொதுமக்கள் முன்னிலையில் கருத்துச் சொன்னதையும், அதைத் தொடர்ந்து டிரைவர் தாக்கப்பட்டதையும் எழுதினேன். துறை விசாரணை நடந்தது. கண்டித்து உத்தரவு வந்தது. வடக்கே தொலைவில் இருக்கும் மாயாபந்தருக்கு மாற்றினார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, குறைவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் நான் இங்கே திரும்பிவிட்டேன், சாட்சி சொன்னேன். நீதிமன்றம் டெனிஸைக் கவனக்குறைவுக்குக் குற்றவாளி என்றது. ஓட்டுபவன் காலடியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஓட்டுபவனுடையதுதான். அவனும் அதை எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் குடித்தவன், வேகமாக வந்தவன், பொய் சொன்னவன் என்று ஊர் அவன் மேல் ஏற்றிய மூன்றும் அன்று இறங்கின. டாக்ஸி ஓட்ட இனி முடியாது. விமான நிலையத்துக்கு வெளியே டாக்ஸிகளை வரிசைப்படுத்தும் வேலை பார்க்கிறான்.

நான் சாட்சி சொன்ன அன்று ராம்லால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு மதியம், மரைன் ஹில்லில் என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அவர் இந்தியில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"கோர்ட்டுல நீங்க சொன்னதக் கேட்டேன் மேடம். அந்த ஹெல்மெட் என்னோடது."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"நீங்க பிரேக் டீக் ஹைன்னு சொன்னீங்க. அப்ப இவன் பொய் சொல்றான்னு நெனச்சேன். என் பொண்டாட்டியக் கொன்னுட்டுப் பொய்யும் சொல்றான்னு நெனச்சேன். அடிச்சேன். நீங்க சொல்லலேன்னா நான் அந்தத் தார்ப்பாய்ப் பக்கத்துலருந்து எழுந்திருக்கவே மாட்டேன்."

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போலீஸ் என்கிட்ட வரவே இல்ல. அவன் என் மூஞ்சியப் பார்த்தான் மேடம். நான் அடிக்கும்போது பார்த்துக்கிட்டேதான் இருந்தான். ஏன் சொல்லல?"

"எனக்குத் தெரியல ராம்லால்ஜி."

"நீங்க செஞ்சத ரிப்போர்ட்டுல எழுதினீங்களே. நான் செஞ்சதையும் அதுல எழுதுங்க."

"அது வண்டியப் பத்தின ரிப்போர்ட். அதுல அதுக்கு இடம் கிடையாது."

"பிர் கஹாங்?" என்றார். அப்படியானால் எங்கே எழுதுவது?

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு ஸ்டேஷனுக்குப் போனேன். அதே ஹெட் கான்ஸ்டபிள்தான் இருந்தார். ராம்லால் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய் எஸ்.ஐ.யை அழைத்து வந்தார். அடித்த ஆளை அடையாளம் தெரியாது என்று டெனிஸ் முன்பே வாக்குமூலம் கொடுத்திருந்ததால், அவனையும் வரச் சொன்னார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து டெனிஸ் வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். பெஞ்சில் இருந்த ராம்லாலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

எஸ்.ஐ. கேட்டார்: "உன்னை அடிச்சது இவர்தானா?"

டெனிஸ் என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"ஆமா சார். இவருதான்."

"அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னியே?"

"தெரியும் சார். அவரு பொண்டாட்டி ரோட்டுல கிடக்காங்க. என் வண்டி இடிச்சுக் கிடக்காங்க. அந்த நேரத்துல நான் அவரு பேரச் சொல்லி உள்ள தள்ளவா?"

அவன் தமிழில் சொன்னதை ஹெட் கான்ஸ்டபிள் இந்தியில் சொன்னார். ராம்லால் தலையைத் தூக்கவே இல்லை. குனிந்தபடியே, "லிகியே, சாப்" என்றார். எழுதுங்கள். எஸ்.ஐ. எழுதத் தொடங்கினார். டெனிஸ் நடந்து வந்து அதே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு, உட்கார்ந்தான். எழுதி முடிக்கும் வரை அப்படியே இருந்தார்கள்.

தம்பி தங்கைகளே, உங்களில் யாருக்காவது நாளைக் காலையே அந்த மாதிரி ஒரு போன் வரலாம். போங்கள். வண்டிக்குள் உட்காரும் முன் குனிந்து பாருங்கள், எதையும் தொடாதீர்கள். டிரைவர் என்ன வார்த்தை சொன்னானோ அதே வார்த்தையை எழுதிக்கொள்ளுங்கள். சாலை மறிக்கப்பட்டிருக்கும், பஸ்கள் நிற்கும், எல்லோரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாராவது உங்களை யாருடைய ஆள் என்றும் கேட்பார்கள். அப்போது, இன்னும் தெரியவில்லை என்று சொல்லுங்கள். எவ்வளவு கத்தினாலும் அதையே திரும்பச் சொல்லுங்கள். அன்று எனக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டேன்.

ஸ்டெல்லா
மரைன் ஹில்